திருகோணமலை வாசிப்பு வட்டமொன்றில் திராவிடச் சிந்தனை: ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் உள்ள ஒரு சிறிய வாசிப்பு வட்டம் 2023இல் திராவிட இயக்கச் சிந்தனையை வாசிக்க எடுத்துக்கொண்டது. அதன் முடிவில் ஒரு பொது அமர்வு நடத்துவதாக இருந்தது. அமர்வு திட்டமிட்டபடி நடக்கவில்லை. வாசிப்பு வேறொரு வழியில் தொடர்ந்தது. ஒருங்கிணைப்பாளர் மூவரில் ஒருவர் என்ற முறையில் நடந்ததைப் பதிகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சம்மதித்தார்கள். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

சனிக்கிழமை பின்னேரங்களில், ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடி அறையில் கூடுவோம். இடத்துக்குக் காசில்லை, தேநீர்ச் செலவு மட்டும் பங்கு. வந்தவர்களில் ஐந்து பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘சேர்’. கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் ஆசிரியை. மலையகத்திலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவர். வங்கியில் வேலை செய்யும் இளைஞர். நகரின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, கடையொன்றில் கணக்கெழுதும் இளம்பெண்.

தலைப்பு இரண்டு வழிகளால் வந்தது. மாணவரும் வங்கி இளைஞரும் யூடியூபில் தமிழ்நாட்டுப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். சேருக்கு அது வீட்டுச் சொத்து. அவருடைய தகப்பனார் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் தளம் கைமாறும் வரைக்கும், தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அந்த வீட்டுத் திண்ணையில் சத்தமாக வாசிக்கப்பட்டனவாம். ‘திராவிட இயக்கம் பேசியது ஒரு மாகாணத்து அரசியலையா, மனிதர் எல்லோருக்குமான இலட்சியத்தையா?’ என்ற கேள்வியை முன்வைத்தவர் அவர்தான்.

வாசித்தவை

முதல் சில வாரங்கள் உற்சாகமாகப் போயின. 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் உலகத்தை எப்படி வாசித்தது என்பதிலிருந்து ஆரம்பித்தோம். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வார ஏடு, குடிஅரசு, 1931இல் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் தொடராக வெளியிட்டது. அமெரிக்க நாத்திகப் பேச்சாளர் இங்கர்சாலைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ததும் அந்த வட்டாரமே. லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட அம்பேத்கரின் 1936ஆம் ஆண்டு உரை, சாதியை ஒழிப்பது பற்றியது, அதே ஏட்டின் வழியாக விரைவிலேயே தமிழுக்கு வந்தது. 1931 டிசம்பரில் புறப்பட்ட பெரியார் சோவியத் ஒன்றியத்தையும் ஐரோப்பிய நாடுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, 1932இல் திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசினார். இந்தத் தகவல் வட்டத்தில் இருந்த பலருக்குப் புதிது.

எனக்கு இவற்றில் மிகவும் முக்கியமாகப் பட்டது 1929 பெப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, மணவிலக்கு உரிமை, திருமண வயதை உயர்த்துதல், சாதிப் பட்டங்களை விடுதல் என்றெல்லாம் அங்கே தீர்மானம் போட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது 1948 டிசம்பர் 10இல். திருமணம் இருவரின் சுதந்திரமான முழுச் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும் என்று அதன் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. ஏறத்தாழ 20 வருடம் முந்திச் செங்கல்பட்டில் கூடியவர்கள் அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். பாரிசையும் மாஸ்கோவையும் பார்த்துப் பிரதி எடுத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. தங்கள் தெருவில் கண்ட இழிவுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, உலகத்தில் வேறு யார் யார் இதே கேள்வியைக் கேட்டார்கள் என்று அறியும் ஆவல் இருந்தது. என் வாசிப்பு இதுதான்.

தி.மு.க. தலைவர் அண்ணாவின் 1962ஆம் ஆண்டு மாநிலங்களவைக் கன்னிப் பேச்சையும் எடுத்தோம். தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று அவர் பெருமையோடு சொன்ன அதே பேச்சில், அது வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ எதிரானது அல்ல என்று சொல்லி, மனிதன் எப்படியிருந்தாலும் மனிதனே என்ற கருத்துக்கு ஸ்கொட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பேர்ன்சைத் துணைக்கு அழைத்தார். சேர் இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பொது அமர்வுக்கான அவருடைய கட்டுரை இதைச் சுற்றித்தான் எழுதப்பட்டது.

கவனத்துக்கு வந்தவை

மூன்று விஷயங்கள் மெல்ல மெல்லக் கண்ணில் பட்டன.

முதலாவது, பேச்சில் வந்த எதிரி எப்போதும் தமிழ்நாட்டு எதிரியாகவே இருந்தார். பார்ப்பனியம் என்ற சொல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒலித்தது. ஆனால் இலங்கைத் தமிழ்ச் சமூகத்தில் பிராமணர் தொகையில் மிகக் குறைவு. பெரும்பாலான கோயில்களில் குருக்கள் சம்பளத்துக்குப் பூசை செய்பவர். கோயிலை நடத்துவதும், காணி வைத்திருப்பதும், யாரோடு யார் கலியாணம் செய்யலாம் என்று முடிவெடுப்பதும் வேளாளர் முதலான நிலவுடைமைச் சாதியினர். தமிழ்நாட்டில் ‘பிராமணர் அல்லாதார்’ என்ற அணிக்குள் நின்றவர்கள், இங்கே மேலே இருப்பவர்கள். பார்ப்பனியத்தைத் திட்டும்போது அறையில் ஒருவருக்கும் சங்கடம் வராததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, ‘திராவிடர்’ என்ற வட்டத்துக்குள் யார் வருவார்கள் என்பது. தமிழ்நாட்டில் அந்த வட்டம் முஸ்லிம்களையும் அணைத்துக்கொண்டது. 1947இல் பெரியார் இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து என்று சொன்னவர். சேரின் கட்டுரையிலும் ‘இந்த மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே திராவிட மரபினர்’ என்று ஒரு வரி இருந்தது. நல்ல மனதோடு எழுதிய வரி. கிண்ணியா ஆசிரியை அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சேர், இத எங்கட ஆக்கள் வேற மாதிரித்தான் கேப்பாங்க. 1888இல பொன்னம்பலம் இராமநாதன் சோனகர், அதாவது எங்கட முஸ்லிம் ஆக்கள், இனத்தால தமிழர்தான்டு எழுதினார். 1907இல ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதுக்கு மறுப்பு எழுத வேண்டி வந்திச்சி. நீங்க அணைக்கிறீங்க. நாங்க கரைஞ்சி போயிடுவமோன்டு பயப்படுறம்.”

சேர் வரியை மாற்றச் சம்மதித்தார். ஆனால் வரியை மாற்றுவதோடு தீருகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஊரில் மனிதரைச் சேர்க்கும் சொல், கடல் தாண்டி வந்ததும் இன்னொருவரின் தனித்துவத்தை விழுங்கும் சொல்லாக மாறிவிடுகிறது. உலகப் பொதுமை பேசுகிறவர்கள் எங்கேயும் சந்திக்க வேண்டிய சிக்கல் இது.

மூன்றாவது சின்ன விஷயம். தேநீர் குடித்து முடிந்ததும் கோப்பைகளைச் சேர்த்துக் கீழே கொண்டுபோய்க் கழுவுவது அந்த இளம்பெண். யாரும் கேட்கவில்லை, அவரே எழுந்து போவார். யாரும் தடுக்கவும் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிக் கோப்பையில்தான் குடித்தோம், பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். ஆனால் வாரந்தோறும் கோப்பை கழுவப் போனவர் அந்த ஒருவரே. இதை முதலில் கவனித்தவர் மலையக மாணவர். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் கூடவே எழுந்துபோய்க் கழுவினார்.

ஆயத்தக் கூட்டம்

பொது அமர்வுக்கு முந்திய ஆயத்தக் கூட்டத்தில் பிரச்சினை வெளியே வந்தது. வங்கி இளைஞர், இலங்கைத் தமிழரிடையே சாதி என்ற தலைப்பில் ஒரு பேச்சைச் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தை முழுவதுமாக எழுதுவது நியாயம்.

“தம்பி, இது அங்கத்தைய ஊர் இல்லை. கந்தளாய், அல்லை எண்டு குடியேற்றத் திட்டங்களால எங்கட மாவட்டத்தின்ர முகமே மாறிப்போச்சு. யுத்தத்தில சனம் சிதறிப்போச்சு. இண்டைக்கும் காணிக்காக நிக்கிறம். இந்த நேரத்தில மேடை போட்டு நாங்களே எங்களைப் பிரிக்கிறதா? அதோட, இஞ்ச சாதி எண்டு அப்பிடி ஒண்டும் இல்லை.”

கடைசி வசனத்துக்குப் பிறகுதான் அந்த இளம்பெண் பேசினார். அதுவரை அவர் கூட்டங்களில் அதிகம் பேசியதில்லை.

“சேர், எங்கட குடியிருப்பு விலாசத்தைச் சொன்னாப் பிறகு ரவுனுக்குள்ள எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைச்சதில்லை. என்ர அண்ணா ஓ.எல். சோதினை பாஸ், அப்பிடியிருந்தும் அவருக்கு எந்த வேலை இருக்கு எண்டு கேக்க முதலே எல்லாரும் முடிவு பண்ணிட்டினம். நீங்க இல்லை எண்டு சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும்?”

சேர் பதில் சொல்லவில்லை. இளம்பெண் அதற்கடுத்த வாரங்களில் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒருங்கிணைப்பாளர்கள் மூவரும் இருந்து பேசினோம். மூன்று வழிகள் இருந்தன: அமர்வை உள்ளபடி நடத்துவது, சாதி பற்றிய பேச்சைச் சேர்த்து, இளம்பெண்ணையே பேச அழைப்பது, அமர்வைத் தள்ளிப்போடுவது.

இரண்டாவதுதான் சரியென்று முதலில் தோன்றும். ஆனால் அவரிடம் கேட்டபோது மறுத்துவிட்டார். ‘எங்கட கஷ்டத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. வாசிக்கத்தான் வந்தனான்’ என்றார். அந்தப் பதிலில் சுயமரியாதை என்ற சொல் இல்லை. ஆனால் அதுவரை நாங்கள் வாசித்த எதையும்விட அந்தச் சிந்தனைக்கு அது நெருக்கமாக இருந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே மூன்றாவது வழியை எடுத்தோம். அமர்வைத் தள்ளிப்போட்டோம், கூடவே வாசிக்கும் முறையையும் மாற்றினோம். இனி ஒவ்வொரு பகுதியையும் வாசித்து முடித்ததும் ஒரே கேள்வியைக் கேட்பது: திருகோணமலையில் இதன் இடத்தில் யார் நிற்கிறார்? கோட்பாட்டின் எதிரியையும் சொற்பட்டியலையும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். அது கேட்ட கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஊரில் கேட்போம் என்பதே எண்ணம். சுயமரியாதைக்காரர்கள் இங்கர்சாலையும் மார்க்சையும் கையாண்ட விதமும் ஏறத்தாழ இப்படித்தான். கிறித்தவ அமெரிக்காவை நோக்கி எழுதப்பட்ட வாதத்தை எடுத்து, ஈரோட்டுக் கடைத்தெருவில் நின்றவனுக்குப் பொருந்தும் விதத்தில் கேட்டார்கள்.

தேநீர் வேலையை முறைவைத்துச் செய்வது என்றும் முடிவானது. அறிவிப்பு எதுவும் இல்லாமல், சுவரில் ஒரு பெயர்ப்பட்டியல் மட்டும் ஒட்டினோம். முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொன்னவர் சேர்.

பிறகு நடந்தவை

பலன் ஒரே மாதிரி இருக்கவில்லை. வட்டத்துக்கு வந்தவர்களில் மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டில் ‘சாதி பேசுகிற இடத்துக்குப் போகாதே’ என்று தடுத்ததாகக் கேள்வி. சேர் சில வாரம் வராமல் இருந்து, பிறகு வந்தார்.

இளம்பெண் திரும்பி வந்தது மாணவர் தன் பகுதியை வாசித்த அன்று. மாணவர் எடுத்தது தமிழ்நாட்டுக் கதையை அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த மக்களிடையே இயங்கிய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1962இல் தடைசெய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்குத் திராவிட இயக்கம் ஏன் பிடித்தது என்பதை மாணவர் தன் பாட்டனாரின் வாழ்க்கையோடு விளக்கினார். எந்த நாடும் தன்னுடையவன் என்று சொல்லாத ஒருவனுக்கு, ‘நீ மனிதன், உனக்கு மானம் உண்டு’ என்று ஒரு குரல் கேட்டால் அது எவ்வளவு பெரிது என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது. இளம்பெண்ணின் முன்னோரும் இந்தியாவிலிருந்து நகரத் துப்புரவு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர் நீண்ட நேரம் மாணவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

திருமணம் பற்றிய வாசிப்பும் நன்றாக அமைந்தது. தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாத திருமணத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பு கிடைப்பது பெரும் போராட்டமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் தீர்ப்புச் சொன்னது. 1967இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டம்தான், ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்து, செல்லுபடியாக்கியது. இலங்கையிலோ 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டப்படி பதிவாளர் முன் கையெழுத்திட்டால் போதும். ஐயர் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. வங்கி இளைஞர் சொன்னார்: “அப்ப சட்டத்தில நாங்க எப்பவோ வென்றிட்டம். ஆனா எங்கட வீட்டில பொருத்தம் பாக்க முதல் சாதியைத்தான் பாக்கினம்.” சட்டம் வேறு, வழக்கம் வேறு என்பது எல்லோரும் சொல்வதுதான். அங்கே சட்டத்தோடு நடந்த சண்டை இங்கே வீட்டுக்குள் நடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அன்று தெளிவானது.

கிண்ணியா ஆசிரியை இதைத் தன் பக்கம் எடுத்துச் சென்றார். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் கையெழுத்திட இடமில்லை, பெண்கள் காதி நீதிபதியாக வர முடியாது என்பதையெல்லாம் செங்கல்பட்டுத் தீர்மானங்களோடு வைத்துப் பேசினார். அறையில் பாராட்டு எழுந்தது. அவர் கையமர்த்திவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “இதுல நீங்க எங்களுக்குக் கைதட்ட வேணாம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கட பெண்கள்ட கோரிக்கைய எங்களுக்கு எதிராவே தூக்கினவங்க இருக்காங்க. கிழக்கில உங்கட பக்கமும் எங்கட பக்கமும் வீடு கட்டிக் குடுத்தாத்தான் பெண்ணுக்குக் கலியாணம். சீதனத்தப் பத்தி ரெண்டு பேரும் சேந்து பேசுவம்.” சீதனம் பற்றிய வாசிப்பு அப்படித்தான் தொடங்கியது. தமிழரும் முஸ்லிமும் சமமான சங்கடத்தோடு பேசிய முதல் தலைப்பு அதுதான். ‘ஒரே மரபினர்’ என்ற வரியால் கிட்டாத நெருக்கம் அதில் கிட்டியது.

பொது அமர்வு அந்த வருடக் கடைசியில், மேடை இல்லாமல், வட்டமாக நாற்காலி போட்டு நடந்தது. தலைப்பை ஆசிரியையும் இளம்பெண்ணும் சேர்ந்து முடிவு செய்தார்கள்: ‘பெண், மானம், வீடு’. வந்தவர்கள் முன்பு எதிர்பார்த்த தொகையில் பாதிதான். இளம்பெண் 1929 தீர்மானங்களை அறிமுகம் செய்தார். தன் கதையைச் சொல்லவில்லை.

சேருடைய வாதம் இதனால் தோற்றுப்போனதாக நான் எழுத மாட்டேன். காணி பறிபோகும் பயம் உண்மையானது. அவர் சுட்டிக்காட்டியது போல, 1956 ஓகஸ்டில் இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு சமஷ்டி, மொழிச் சமத்துவம், குடியேற்றத் தடுப்பு என்பவற்றோடு மலையகத் தமிழரின் குடியுரிமையையும் தன் கோரிக்கையாக வைத்தது. தன்னைவிட வசதி குறைந்தவரின் உரிமையைத் தன் கோரிக்கைக்குள் சேர்த்தபோது அந்த அரசியல் பலவீனப்படவில்லை. அடுத்த வருடமே தீண்டாமையால் வரும் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒற்றுமைக்காகச் சாதியைப் பேசாமல் விட வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணத்திலேயே எதிர்வாதமும் இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “எழுதித்தான் பாக்க வேணும்” என்றார். அப்புறம் எழுதத் தொடங்கினார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இதே வாசிப்பை வேறு ஊரில் தொடங்குபவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லலாம். வரலாற்றை வாசித்து முடித்துவிட்டு உள்ளூருக்கு வருவோம் என்று ஒத்திவைக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே உள்ளூர்க் கேள்வி ஒன்றை மேசையில் வைக்க வேண்டும். மன்னாரில் அது வேறாக இருக்கும், மட்டக்களப்பில் வேறாக இருக்கும், டொரொண்டோவில் முற்றிலும் வேறாக இருக்கும்.

அமர்வின் தலைப்பையும் பேச்சாளரையும் மூத்தவர்கள் தீர்மானித்துவிட்டுப் பிறகு மற்றவர்களை அழைக்கும் வழக்கம் மாற வேண்டும். ஒடுக்கப்பட்ட ஒருவரைப் பேச அழைப்பதற்கு முன், அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். சாட்சி சொல்ல வைப்பதும் சமமாக நடத்துவதும் ஒன்றல்ல.

சேர் சொன்னது போன்ற மாற்றுக் கருத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். ஆயத்தக் கூட்டத்தின் அவசரத்தில் அது வந்ததால் மறுப்பாக மட்டுமே கேட்டது. நிதானமாகக் கேட்டிருந்தால் அதன் பின்னால் இருந்த இழப்பும் கேட்டிருக்கும்.

கூடும் இடத்தையும் பார்க்க வேண்டும். ரவுனுக்குள் மேல்மாடி அறைக்கு எல்லோரும் வர வேண்டும் என்பதே ஒரு தேர்வுதான். இப்போது மாதம் ஒரு தடவை கிண்ணியாவிலும் ஒரு தடவை துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பின் சனசமூக நிலையத்திலும் கூடுகிறோம். 1956 மாநாட்டையும் 1957 சட்டத்தையும் பற்றிச் சேர் எழுதும் கட்டுரையை அந்தக் குடியிருப்பில்தான் வாசிக்க வேண்டும் என்று இளம்பெண் கேட்டிருக்கிறார். சேர் ஒப்புக்கொண்டிருக்கிறார், எழுதி முடிக்கக் கொஞ்சம் தவணை கேட்டிருக்கிறார்.